கோட்டுக்குள் இருந்த கத்தி

கத்திக்குப் பிடி போடுகிற தொழிலில் ஆபத்து கூர்முனையால் வருவதில்லை. பிடியைக் கழற்றிய பிறகுதான் வருகிறது.

காரணம் சொல்கிறேன். காட்டுக்கும் தோப்புக்கும் எடுத்துப் போகிற கத்தியை ஒரு மனிதர் பத்து வருஷம் கையில் வைத்திருப்பார். ஆனால் அதைப் பிடியில்லாமல் ஒரு நாளும் பார்த்திருக்கமாட்டார். பிடி ஆடுகிறது, வெடித்துவிட்டது என்று கொண்டுவருவார். நாம் அதை உடைத்து எடுப்போம். மரத்துக்குள் இத்தனை நாள் புதைந்திருந்த இரும்பு, துருவேறி, எலிவால் போல வெளியே வரும். 'வால்' என்றுதான் அதற்கு எங்கள் கடையில் பெயர். அந்த நிமிஷத்தில் சொந்தக்காரர் முகம் மாறிவிடும். மொட்டை அடித்த பிள்ளையைக் கோயில் கூட்டத்தில் பார்த்துத் தாய் ஒரு கணம் திகைப்பாளே, அப்படி. தாய்க்கு அடுத்த கணம் தெளிந்துவிடும். கத்திக்காரருக்குத் தெளியாது.

ரிப்பேர் செய்து பிழைத்தவர்களே, உங்களுக்கு இது புதிதல்ல. கடிகாரத்துக்குள் இருந்த நல்ல சக்கரத்தை எடுத்துக்கொண்டதாகவும், ரவிக்கைத் துணியில் கால் கஜம் ஒதுக்கியதாகவும் உங்களையும் சொல்லியிருப்பார்கள். நான் சென்னையில் ஒரு கல்லூரியில் தமிழ் படித்தவள். வேலும் வாளும் நிறைந்த பாட்டுகளை மனப்பாடம் செய்தேன். அவற்றுக்குப் பிடி போட்டவர்கள் மேல் என்ன சந்தேகம் விழுந்தது என்று எங்களுக்கு யாரும் பாடம் நடத்தவில்லை. கடைசல் பட்டறைக்காரருக்கு வாழ்க்கைப்பட்டுத்தான் அதைத் தெரிந்துகொண்டேன். அவர் பின்கட்டில் மரம் கடைவார். நான் முன்பலகையில் உட்கார்ந்து கத்திகளை வாங்கி வைப்பேன்.

விழுப்புரத்தில் ஒரு வால்

ஐம்பதுகளில் எங்கள் முதல் கடை விழுப்புரத்தில், ரயிலடிக்குப் பக்கத்தில் இருந்தது. கத்தியைக் கைக்குக் கை யாரும் கொடுக்கமாட்டார்கள், பகை வரும் என்பார்கள். அவர்கள் பலகையில் வைப்பார்கள், நான் எடுப்பேன். நான் பலகையில் வைப்பேன், அவர்கள் எடுப்பார்கள். பகை எப்படியும் வந்தது.

மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பயிர் வைத்திருந்த ஒருவர் கத்தியைக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போனார். திரும்பி வந்தபோது புதுப் பிடி தயார். கையில் தூக்கிப் பார்த்தார், கனம் வேறாக இருக்கிறது என்றார். வேறாகத்தான் இருக்கும். பழைய பிடி உளுத்துப்போன புளி, புதுப் பிடி வயிரம் பாய்ந்த கருவேலம். பழைய பிடியின் துண்டுகளை எடுத்து வைத்தோம். துண்டுகள் தன்னுடையவைதான் என்று ஒப்புக்கொண்டார். இரும்புதான் வேறு என்றார். கூட்டம் சேர்ந்தது. அந்த வருஷம் எங்களிடம் பிடி போட்ட நாலைந்து பேர் அங்கேயே தங்கள் கத்திகளையும் தூக்கித் தூக்கிப் பார்க்க ஆரம்பித்தார்கள். எல்லாருடைய கத்தியும் கனம் மாறியிருந்தது. பத்து நாளில் கடைக்குச் சொந்தக்காரர் வந்து, ரொம்ப மெதுவான குரலில், வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொன்னார். ஆனால் இத்தனை வருஷம் கழித்தும் என் காதில் இருப்பது மல்லாட்டைக்காரர் சொன்னதுதான்: "பிடி புதுசுன்னு நீங்களே சொல்றீங்க, இரும்பு பழசுன்னும் நீங்களே சொல்றீங்க. நான் சொல்றதுக்கு இன்னாதாம்மா மிச்சம் வெச்சீங்க?"

பென்சில்

திண்டிவனத்தில், செஞ்சி ரோட்டில், இரண்டாவது கடை போட்டோம். இன்னொரு முறை ஊர் மாற எங்களிடம் தெம்பு இல்லை. அதனால் நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். படித்தவளின் யோசனை. பழைய பிடியை எடுத்ததும், கத்தியை வாலோடு சேர்த்து ஒரு நீள நோட்டில் படுக்கவைத்து, சுற்றிலும் பென்சிலால் கோடு போட்டுவிடுவேன். பக்கத்துக்கு ஒரு கத்தி. மேலே பேரும் ஊரும். திரும்பக் கொடுக்கும்போது கோட்டின்மேல் வைத்துக் காட்டுவேன். மாற்றிவிட்டாய் என்று இனி யார் சொல்ல முடியும்?

அந்த நோட்டில் முதல் பக்கம் கன்னியப்பனுடையது. வல்லத்துக்கு மேற்கே ஒரு கிராமத்துக்காரர். செஞ்சி மலைச் சரிவில் காய்ந்த விறகு பொறுக்க அவருக்கு அனுமதிச் சீட்டு இருந்தது. வீட்டில் ஐந்து பேர், அந்த ஒரு சீட்டு. கத்தி மயிலம் கொல்லர் அடித்தது: நேரான முதுகு, கொஞ்சம் வயிறு தள்ளிய அலகு, கிளிமூக்கு மாதிரி நுனி. வாங்கி ஒரு மழைக்காலம்கூட ஆகவில்லை, அதற்குள் கொல்லர் போட்டிருந்த பிடி பிளந்துவிட்டது. எங்கள் வீட்டுக்காரர் கருவேலத்தில் பிடி கடைந்து, நடுவில் மூன்று வரி இழுத்தார். அதுதான் எங்கள் கடை அடையாளம். அதற்குள் நான் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். கன்னியப்பன் எதிரே குந்திக்கொண்டு, பென்சில் போகும் வழியிலேயே கண்ணை வைத்திருந்தார். வெட்டுவாய்ப் பக்கம் வந்தபோது பொறுக்கமுடியாமல் சொன்னார்: "பென்சிலு தேஞ்சா பரவால்லம்மா, கத்தி தேயாம பாத்துப் போடுங்க."

கல்மரம்

திருவக்கரையிலிருந்து ஒருவர் முழங்கை நீளத்துக்கு ஒரு மரத்துண்டைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்தார். உழும்போது நிலத்தில் கிடைத்ததாம். அவருடைய கத்திப் பிடிகளை வருஷா வருஷம் கறையான் தின்றுவிடுகிறது, இந்த மரத்தைக் கறையான் தொடாது, இதில் பிடி கடைந்து கொடுங்கள் என்றார். பட்டை இருந்தது, கணு இருந்தது, வெட்டுமுகத்தில் வருஷ வளையங்கள் சுழி சுழியாக இருந்தன. எங்கள் வீட்டுக்காரர் உளி வைத்து ஒரு தட்டுத் தட்டினார். நெருப்புப் பொறி பறந்தது. கல் என்றார்.

வந்தவர் நம்பவில்லை. எங்கள் மரத்தை விற்பதற்காக அவர் மரத்தைக் கல் என்று சொல்கிறோமாம். எந்தக் கல்லுக்கு வளையம் இருக்கிறது, காட்டுங்கள் என்றார். நான் சும்மா இருந்திருக்கலாம். கல்லூரியில் படித்தது வாயில் வந்து நின்றது. கோடிக்கணக்கான வருஷத்துக்கு முன்னால் இது உண்மையான மரமாக நின்றிருந்தது, வெள்ளத்தில் சாய்ந்தது, மண்ணுக்குள் கிடந்து கிடந்து கல்லாகிவிட்டது என்று விளக்கினேன். சொல்லச் சொல்ல எனக்கே அந்தத் துண்டைத் தொட்டுப் பார்க்கத் தோன்றியது. எத்தனை காற்று பார்த்த மரம். அவருக்கு அப்படி ஒன்றும் தோன்றவில்லை. துண்டை மறுபடி துணியில் சுற்றினார். "மரம்னு அம்மாவே ஒத்துக்கினாங்க. வேலை தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுங்க மேஸ்திரி, கல்லுன்னு சொல்லாதீங்க."

நயினார் கையில் அரக்கு

மேல்சித்தாமூரிலிருந்து ஒரு நயினார் வருவார். சமணர், பெரியவர், இரைந்து பேசாதவர். தோட்டத்தில் கிளை கழிக்கும் கத்திக்கு எங்களிடம்தான் பிடி. மரத்தைக் காதில் வைத்துத் தட்டிப் பார்ப்பார். உள்ளே துளைப்பூச்சி இருக்கிறதா, இருந்தால் வெயிலில் வைத்து அதுவாகப் போக விட்டீர்களா என்று விசாரிப்பார். எங்கள் பதிலைக் கேட்டுவிட்டு இன்னொரு தரம் தட்டுவார்.

பிடியில் துளை போட்டு, அரக்கும் செங்கல் தூளும் நிரப்பி, வாலைப் பழுக்கக் காய்ச்சி உள்ளே இறக்குவோம். அரக்கு உருகி, ஆறி, இரும்பைக் கவ்விக்கொள்ளும். மூன்றாம் வருஷம் நயினார் அது உருகுவதைப் பார்த்து, இது எந்த மரத்துப் பிசின் என்று கேட்டார். கேட்டது என்னை. மரத்துப் பிசின் இல்லை ஐயா, கிளையில் ஒட்டி வாழ்கிற ஒரு சின்னப் பூச்சி தன் உடம்பிலிருந்து விடுகிறது, பூச்சியோடு சுரண்டி எடுத்து உருக்குகிறார்கள் என்று சந்தோஷமாகச் சொன்னேன். பின்கட்டில் எங்கள் வீட்டுக்காரர் இருமினார். அந்த இருமல் எனக்குப் பிறகுதான் புரிந்தது.

நயினார் கத்தியைப் பலகையில் வைத்தார். மேல்துண்டால் வலது கையை விரல் விரலாகத் துடைத்தார். அன்றே அந்தப் பிடியை உடைத்து, குங்கிலியத்தைக் காய்ச்சி ஊற்றி வேறு பிடி போட்டோம். கடை முழுக்கக் கோயில் வாசனை. அரக்கு டப்பாவை வேலை முடியும்வரை தெருவுக்கு அந்தப் பக்கம் வைக்கச் சொன்னார், வைத்தேன். டப்பாவின் மேலும் ஒரு கண், குங்கிலியத்தின் மேலும் ஒரு கண்ணாக உட்கார்ந்திருந்தார். போகும்போது கோபமே இல்லாமல் சொன்னார்: "நீங்க படிச்சவங்கன்னு மூணு வருஷம் முன்னாடியே தெரிஞ்சிருந்தா, அப்பவே கேட்டிருப்பேனேம்மா."

ரேஞ்சர்

நோட்டுக்கு நாலு வயதானபோது, ஒரு காலையில் காட்டிலாகா ரேஞ்சர் வந்தார். கூட வந்த காவலர் கையில் சாக்கில் சுற்றிய கத்தி. மலைச் சரிவில் யாரோ பச்சை மரம் இரண்டை வெட்டியிருக்கிறார்கள். ஆள் ஓடிவிட்டான், கத்தி கிடந்தது. பிடியில் மூன்று வரி. கன்னியப்பன்மேல் சந்தேகம். கேட்டால், தன் கத்தி காணாமல் போய் ஒரு மாதம் ஆகிறது என்கிறாராம். ஏற்கெனவே ஒரு தடவை எச்சரித்து விட்ட ஆள், இந்த முறை ருசுவானால் சீட்டைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே தள்ளிவிடுவோம் என்றார் ரேஞ்சர். நான் கத்திக்குக் கோடு போட்டு வைப்பது அவர் காதுக்கும் போயிருந்தது; பலகைமேல் கிடந்த என் நோட்டை அவரே எடுத்தார்.

முதல் பக்கத்தைத் திறந்து, கோட்டுக்கு நடுவே கத்தியை வைத்தார். சுற்றிலும் இடைவெளி. வயிற்றுப் பக்கம் ஒரு நெல்மணி அளவு, நுனியில் ஒரு நகக்கண் அளவு. அப்பா சட்டையைப் போட்டுக்கொண்ட பிள்ளை மாதிரி இருந்தது கத்தி. எனக்குப் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. நாலு வருஷம் கல்லில் தீட்டித் தீட்டி வெட்டுவாய் கரைந்திருக்கிறது. முதுகை யாரும் தீட்டுவதில்லை. முதுகுப் பக்கமாக ஒட்டி வைத்திருந்தால் கோடு மயிரிழை பிசகாமல் பொருந்தியிருக்கும். அவர் நடுவில் வைத்தார். நான் நகர்த்தவில்லை.

வாலையும் வரைந்திருக்கிறீர்களே, பிடியைக் கழற்றிப் பார்த்தால் என்ன என்றார் ரேஞ்சர். வால் தேயாது. கழற்றினால் கோட்டோடு பொருந்திவிடும். எங்கள் வீட்டுக்காரர் பட்டறையை நிறுத்திவிட்டு முன்னால் வந்தார். கழற்றலாம், ஆனால் அரக்கு போட்ட பிடி, உடைத்தால்தான் வரும். அப்புறம் இது மலையில் எடுத்த அதே கத்திதான் என்று கோர்ட்டில் யார் சொல்வது என்று கேட்டார். விழுப்புரம் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் அது. ரேஞ்சர் யோசித்தார். பிறகு என்னைப் பார்த்து, இது அந்தக் கத்திதானா என்றார். கோடு பொருந்தவில்லையே என்றேன். மூன்று வரிப் பிடி விழுப்புரத்திலும் எத்தனையோ போட்டோம், அதற்கெல்லாம் நோட்டு இல்லை என்றேன். அன்று நான் சொன்னதில் ஒரு பொய்கூட இல்லை. அதனால்தானோ என்னவோ, இன்றும் உறுத்துகிறது. ரேஞ்சர் நோட்டை மூடி என் பக்கம் தள்ளினார். "நல்ல வேளை, வரைஞ்சு வெச்சிருந்தீங்க. இல்லைன்னா சம்பந்தமில்லாத ஒருத்தன்மேல கேஸ் எழுதியிருப்பேன்."

பக்கம் கிழித்தவள்

ரேஞ்சர் எங்கள் நோட்டைத் திறந்தார் என்ற செய்தி, செஞ்சி பஸ்ஸுக்கு முன்னால் செஞ்சி போய்ச் சேர்ந்தது. அதனால் ஒருவர் தப்பினார் என்ற செய்தி பஸ் ஏறவே இல்லை. கத்தி வருவது நின்றது. எங்கள் வீட்டுக்காரர் யாரும் கேட்காத மத்துகளைக் கடைந்து அடுக்கினார். கடைக்குச் சொந்தக்காரர், விழுப்புரத்துக்காரர் மாதிரியே, மெதுவான குரலில் பேச ஆரம்பித்தார்.

வந்தவர்களும் பிடிக்காக வரவில்லை. மரக்காணம் பக்கம் பனையோலை வெட்டப் போகிற ஒருத்தி, பஸ் பிடித்து வந்து தன் பக்கத்தைக் கேட்டாள். கிழித்துக் கொடுத்தேன். எட்டாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். கத்தியை மாற்றவில்லை என்று காட்டத்தான் வரைந்தேன், உன்னைக் காட்டிக்கொடுக்க இல்லை என்றேன். பொறுமையாகக் கேட்டாள். "கத்திக்குப் படம் போட்டீங்க, செரி. கத்தியா பதில் சொல்லப் போவுது? என் பேரை எதுக்கும்மா போட்டீங்க?"

கன்னியப்பன் கேட்டது

பிறகு ஒரு நாள் உச்சிப்பொழுதில் கன்னியப்பன் வந்தார். பக்கத்து டீக்கடையில் ஏழெட்டுப் பேர். நன்றி சொல்ல வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அதெல்லாம் ஒன்றுமில்லை என்று சொல்வதற்கு அடக்கமாக ஒரு வாக்கியம்கூடத் தயார் செய்தேன். அவர் குந்தி உட்கார்ந்து நோட்டைக் கேட்டார். முதல் பக்கத்தை ரொம்ப நேரம் பார்த்தார். விரலால் கோட்டின்மேல் ஒரு சுற்று வந்தார். பிறகு எனக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னார்.

"மலையில நான் போட்டுட்டு ஓடியாந்தது என் கையில இருந்த கத்திதாம்மா. உங்ககிட்ட மட்டும் சொல்றேன். அது இந்தக் கோட்டுக்குப் பொருந்தலைன்னு ரேஞ்சரே சொல்லிட்டாரு. அப்ப நாலு வருஷமா என் கையில இருந்தது யாரு கத்தி? நான் கொண்டாந்த கத்தி எங்க?"

யோசித்துப் பாருங்கள், அவர் கணக்கில் ஒரு பிழையும் இல்லை. நோட்டில் இருப்பது அவர் கொண்டுவந்த கத்தி. மலையில் விழுந்தது நாங்கள் திருப்பிக் கொடுத்த கத்தி. இரண்டும் ஒன்றில்லை என்று காட்டிலாகாவே சான்று கொடுத்துவிட்டது. அவர் எழுந்து டீக்கடைக்குப் போய் இதில் பாதியைச் சொன்னால் போதும், திண்டிவனம் இன்னொரு விழுப்புரம் ஆகிவிடும். பொருத்திக் காட்டலாமென்றால் கத்தி ரேஞ்சரிடம்.

தீட்டித் தீட்டித் தேய்ந்துவிட்டது கன்னியப்பன், அதே கத்திதான் என்று குரலைத் தாழ்த்திச் சொன்னேன். இல்லை என்று தலையை ஆட்டினார்.

"தேஞ்சிருந்தா எனக்குத் தெரியாதா? தினம் கையில வெச்சிக்கினு இருந்தவன் நானு."

தினமும் கையில் இருப்பது தேய்வதுதான் தெரியாது என்று சொல்ல வாயெடுத்தேன். பின்கட்டிலிருந்து எங்கள் வீட்டுக்காரர் வெளிச்சத்துக்கு வந்தார். தோளில் எலும்பு எப்போது இப்படித் துருத்தியது என்று ஒரு கணம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன். சொல்ல வந்ததைச் சொல்லவில்லை.

அவர் சுவரில் தொங்கிய அலகுகளைப் பார்த்தார். விற்பனைக்காக மயிலம் கொல்லர் கொடுத்துவைத்த புது அலகுகள். அந்தக் கொல்லர் எப்போதும் ஒரே அச்சை வைத்துத்தான் அடிப்பார். அதில் ஒன்றை எடுத்து நோட்டின்மேல் வைத்தார். முதுகு பொருந்தியது. வயிறு பொருந்தியது. கிளிமூக்கு நுனி கோட்டின் நுனியில் போய் உட்கார்ந்தது.

கன்னியப்பன் மூச்சை விட்டார். பிடி போடும்வரை அந்த இடத்தை விட்டு நகரவில்லை. அலகின்மேல் வைத்த கண்ணையும் எடுக்கவில்லை. கருவேலம், மூன்று வரி. முடிந்ததும் அந்தப் பக்கத்தை நானே கிழித்துக் கொடுத்தேன். கத்தியைப் பலகையில் வைக்கப் போனேன். அதற்குள் அவர் கையை நீட்டி என் கையிலிருந்தே வாங்கிக்கொண்டார். தூக்கிப் பார்த்தார். கனம் சரியாக இருந்திருக்க வேண்டும். டீக்கடையில் எல்லாருக்கும் கேட்கும்படி, பழைய சிநேகிதரைக் கண்டித்துக்கொள்கிற மாதிரி சொன்னார்: "நாலு வருஷமா உள்ளாரயேதான் வெச்சிக்கினு இருந்தீங்க. செரி வுடுங்கம்மா, கேட்டதும் குடுத்துட்டீங்க இல்ல."

எடுத்துக்கொண்ட கத்தியைக் கேட்டவுடன் திருப்பிக் கொடுக்கிற நாணயமான கடை என்று செஞ்சி ரோடு முழுக்க எங்களுக்குப் பெயர் வந்தது, அந்தப் பெயரை வைத்துத்தான் மேற்கொண்டு ஒன்பது வருஷம் பிழைத்தோம்.